பட்டு செக்‌ஷனில் ஒரு பளுதூக்கி

1. பதவி உயர்வு

பட்டு செக்‌ஷனில் எனக்கு முதல் நாள். கடை திறந்து சாமிக்குச் சூடம் காட்டி முடித்ததும் கந்தசாமி அண்ணாச்சி என்னை மெத்தைக்குக் கூப்பிட்டார். பட்டு செக்‌ஷனில் கவுன்ட்டர் கிடையாது. வெள்ளை விரிப்பு போட்ட நீளமான மெத்தை. ஒரு பக்கம் நாங்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து விரிப்போம், எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அவர்கள் பார்ப்பார்கள். அண்ணாச்சி இருபது வருஷமாக அந்த மெத்தையில் சீனியர் சேல்ஸ்மேன். குடோன் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கும்.

"கையக் காட்டுல."

காட்டினேன். ஒரு பட்டு பிட்டை எடுத்து என் உள்ளங்கையின் மேல் மெல்ல இழுத்தார். பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. இழை மாட்டிக்கொண்டது.

"இது என்னல, கையா, ரம்பமா? ஒரு சீசன்ல கடைய நூல் நூலாப் பிரிச்சிருவ போலிருக்கே!"

மெத்தையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அதற்கு முன்னால் மூன்று வருஷம் நான் அதே கடையின் குடோனில் இருந்தேன். தி.நகரில் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து முதலாளி ஒருவரின் ஜவுளிக்கடை அது. குடோனில் பேல் பேலாகத் துணிக்கட்டுகளை இறக்குவதும் ஏற்றுவதும்தான் வேலை. உடம்புக்குப் பலம் வேண்டுமே என்று சைதாப்பேட்டையில் ஒரு தேகப்பயிற்சி சாலையில் சேர்ந்தேன். சேர்ந்த இடத்தில் வெயிட்லிஃப்டிங் பைத்தியம் பிடித்துக்கொண்டது. கம்பியைப் பிடித்துப் பிடித்து விரல்களின் அடியில் காய்ப்பு காய்த்துவிட்டது. குடோனில் அதை யார் கேட்டார்கள்? பட்டுக்கு வந்ததும் அதுதான் குற்றமாகிப் போனது. சம்பளத்தில் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து, கையைப் பார்த்துத் திட்டு வாங்க வைத்தார்கள். இதற்குப் பெயர் பதவி உயர்வு.

2. காலையில் கம்பி, பகலில் சரிகை

கடை காலை ஒன்பது மணிக்குத் திறந்தால் ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் ஷட்டர் இறங்கும். சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. நாங்கள் எல்லாரும் கடை மாடியிலேயே பாய் போட்டுப் படுப்போம். நான் விடியுமுன் எழுந்து, இரவல் சைக்கிளில் சைதாப்பேட்டைக்குப் போவேன். ஆற்றங்கரைப் பக்கம் தகரக் கொட்டகை. இரண்டு கம்பி, துருப்பிடித்த தட்டுகள். அவ்வளவுதான் அந்தப் பயிற்சி சாலை. தேவராஜ் மாஸ்டர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பார்.

ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். ஒரு நாள் பிரஸ், ஒரு நாள் ஸ்னாட்ச், ஒரு நாள் ஜெர்க் என்று பிரித்துக்கொண்டேன். அப்போது போட்டியில் இந்த மூன்று வகைத் தூக்கும் இருந்தன. உட்கார்ந்து எழும் பஸ்கிக்கு அங்கே நேரம் இருக்காது. அதை மத்தியானச் சாப்பாட்டு வேளையில் குடோனில் ஒரு பேலைத் தோளில் வைத்துக்கொண்டு எடுப்பேன். பத்து நிமிஷத்தில் தயிர்சாதத்தை விழுங்கிவிட்டு, மீதி நேரம் அது. மெத்தைக்குத் திரும்பி வந்து சம்மணம் போட்டால் தொடை இரண்டும் நடுங்கும். முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கைக்கு வேறு வழி தெரியவில்லை. தினமும் குளித்ததும், ஊறிய காய்ப்பை பிளேடால் சீவினேன். எண்ணெய் தடவக் கூடாது, பட்டில் கறை ஏறும். பவுடர்தான். சீவச் சீவ அடியில் இருக்கும் சிவப்புத் தோல் வந்துவிடும். மறுநாள் காலை அந்தத் தோலோடு கம்பியைப் பிடிக்க வேண்டும்.

மாஸ்டர் ஒருநாள் பார்த்துவிட்டார். "இன்னாபா இது? காய்ப்பு இன்னாத்துக்கு கீது தெரியுமா? கைய காப்பாத்தத்தான் கீது. அத போய் செதுக்கிக்கினு கீறியே, உனுக்கு மூள கீதா?"

"கடையில புடவை மாட்டுது மாஸ்டர்."

"அப்ப கடைய வுடு."

"சோறு?"

அவர் பீடியை அணைத்தார்.

ஆனால் அந்த ஆனி மாதத்தில் அவர்தான் செய்தியைக் கொண்டுவந்தார். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய ஃபாக்டரியில் வெயிட்லிஃப்டிங் டீம் ஆரம்பிக்கிறார்கள். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செலக்‌ஷன். ஒவ்வொரு எடைப் பிரிவிலும் முதலில் வருகிறவனுக்கு வேலை. எட்டு மணி நேர ஷிஃப்ட், வாரத்தில் ஒரு நாள் லீவு, பிராக்டிஸுக்குத் தனி நேரம். என் பிரிவில் என்னைவிட அதிகம் தூக்குகிறவன் மெட்ராஸில் இல்லை என்று மாஸ்டர் சத்தியம் செய்தார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மெத்தையை விட்டு எழுந்துபோக ஒரு கதவு தெரிந்தது.

3. மாம்பழ மஞ்சள்

ஆவணி முகூர்த்த சீசன். கடைக்குள் மூச்சுவிட இடமில்லை. மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி, கல்யாணப் பெண், இன்னும் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். நானும் அண்ணாச்சியும் விரித்தோம். முப்பது புடவையாவது விரித்திருப்போம்.

"இந்த மாம்பழக் கலர் நன்னா இருக்குடி. ஊஞ்சலுக்கு இதையே எடுத்துண்டுடலாம். ஏம்பா, முந்தானையை இன்னும் கொஞ்சம் நன்னா விரிச்சுக் காட்டேன், பாத்துக்கறேன்."

அன்று காலை ஜெர்க் பிராக்டிஸ். உள்ளங்கையில் ஒரு இடம் கிழிந்து, பிளாஸ்திரி போட்டிருந்தேன். வேர்வையில் அது எப்போது கழன்றது என்று தெரியவில்லை. முந்தானையை உதறி விரித்தேன். மஞ்சள் பட்டின் மேல் மிளகு அளவில் ஒரு சிவப்புப் பொட்டு.

கல்யாணப் புடவையில் ரத்தம்! மாமி பார்த்தால் கூச்சல் போடுவாள். முதலாளி வருவார். செலக்‌ஷனுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது.

மாமியின் கண் அங்கே திரும்புவதற்குள் அண்ணாச்சியின் கை நீண்டது. எடுத்த கல்யாணப் புடவைக்கு ஒரு மூலையில் குங்குமம் வைத்துக் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். அதற்கான கிண்ணம் மெத்தையிலேயே இருக்கும். கட்டைவிரலில் குங்குமத்தைத் தொட்டு அந்தப் பொட்டின் மேலேயே அழுத்தி வைத்தார்.

"வச்சாச்சும்மா. இது ஒங்க வீட்டுக்குத்தான்னு எழுதியிருக்கு. மகராசியா இருக்கட்டும்."

மாமிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாத்தியாடி, நாம சொல்றதுக்கு முன்னாடியே வச்சுட்டார்!"

பெண் மட்டும் என் கையைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கல்யாணம் நல்லபடி நடந்திருக்க வேண்டுமே என்று இன்றைக்கும் நான் கவலைப்படுவதுண்டு.

அவர்கள் பில் போடப் போனதும் அண்ணாச்சி என்னை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். அடிப்பார் என்றே நினைத்தேன்.

"எத்தன நாளு இன்னும்?"

செலக்‌ஷனைப் பற்றி நான் அவரிடம் சொன்னதே இல்லை. மாடியில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது போலிருக்கிறது.

"ரெண்டு வாரம், அண்ணாச்சி."

"அதுவரைக்கும் நீ புடவையத் தொடாத. அலமாரியிலேருந்து பெட்டியோட எடுத்துக் குடு. நான் விரிச்சுக்கிடுதேன். கைய ஆத்து. பிளேடத் தூக்கிக் கெடாசு."

"ஒங்களால ஒத்தையில முடியுமா?"

"வாயப் பொத்துல. பொழைக்கிற வழியப் பாரு."

இரண்டு வாரம் அந்த மனிதர் இரண்டு பேர் வேலையைச் செய்தார். சாயங்காலம் எழுந்திருக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுவார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் மனசு முழுக்கக் கம்பியில் இருந்தது.

4. ஞாயிற்றுக்கிழமை

செலக்‌ஷன் அன்று கடைக்கு லீவு இல்லை. மறுநாள் பெரிய முகூர்த்தம். முதலாளியிடம் கேட்டேன். "சீசன்ல லீவு கேக்கதுக்கு ஒனக்கு நாக்கு எப்படில வந்துச்சு?" என்றார். அதோடு முடிந்தது.

அண்ணாச்சிதான் என்னைப் பின்வாசல் வழியாக அனுப்பினார். "மொதலாளி ஞாயித்துக்கெழம மத்தியானத்துக்கு மேலதான் பட்டு செக்‌ஷனுக்கு ஏறி வருவாரு. அதுக்குள்ள வந்துரு. கேட்டா குடோனுக்குப் போயிருக்கான்னு சொல்லிக்கிடுதேன்."

இரவல் சைக்கிளை மாம்பலம் ஸ்டேஷனில் விட்டுவிட்டு டிரெயின் ஏறினேன். பார்க் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஹால். மாஸ்டர் அயர்ன் பண்ணிய சட்டையில் வந்திருந்தார். பிரஸ் முடிந்தபோது நான் முதல். ஸ்னாட்ச் முடிந்தபோதும் நான்தான் முதல். ஃபாக்டரி ஆபீசர் ஒருவர் என் ஊர் பேரெல்லாம் விசாரித்தார். மாஸ்டர் என் முதுகைத் தட்டி, "ஃபாக்டரி கேன்டீன்ல எனுக்கு ஒரு டீ வாங்கிக் குடு நைனா, அது போதும்" என்றார்.

ஜெர்க்கில் மூன்று சான்ஸ். முதல் சான்ஸில் கம்பியை மார்புவரை கொண்டுவந்தேன். வலது உள்ளங்கையில் தோல் அப்படியே சுருண்டு வந்தது. இரண்டு வாரத்தில் காய்ப்பு எங்கே வளரும்? மாசக்கணக்கில் சீவிய கை அது. கம்பி விழுந்தது. சாக்பீஸ் பொடியை அள்ளி அப்பிக்கொண்டு இரண்டாவது சான்ஸ். ரத்தத்தில் கம்பி வழுக்கியது. மூன்றாவது சான்ஸில் தரையிலிருந்து முழங்கால்வரைகூட வரவில்லை. மூன்றும் ஃபெயில் என்றால் மொத்த மார்க்கும் பூஜ்யம். என்னைவிடக் குறைவாகத் தூக்கிய ஒரு பையனின் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

மாஸ்டர் திட்டவில்லை. கைக்குட்டையால் என் கையைக் கட்டிவிட்டு, "வா நைனா, போலாம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

5. மாம்பலம் பிளாட்பாரம்

எலெக்ட்ரிக் டிரெயினில் மாம்பலம் வந்து இறங்கினேன். மணி நான்கு இருக்கும். பாலம் ஏறப்போனவன் எதிர் பிளாட்பாரத்தைப் பார்த்தேன். கந்தசாமி அண்ணாச்சி ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சுருட்டிக் கட்டிய படுக்கை. நான் பாலத்தில் ஓடி அந்தப் பக்கம் இறங்கினேன்.

"அண்ணாச்சி, என்ன இது?"

"ஊருக்குப் போறேம்ல. எக்மோர்ல ராத்திரி வண்டி. ஒன்னப் பாத்துட்டு ஏறலாம்னு உக்காந்திருக்கேன்."

"எதுக்கு?"

அவர் யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். முதலாளி அன்று பத்து மணிக்கே மேலே வந்துவிட்டார். என்னைக் கேட்டார். குடோனுக்கு அனுப்பியிருக்கிறேன் என்று அண்ணாச்சி சொன்னார். முதலாளி அவர் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "குடோன் சாவி ஒம்ம இடுப்புல தொங்குதேவே. அவன் செவரு ஏறிக் குதிச்சானோ?"

அத்தனை வாடிக்கையாளர் முன்னால் கேட்டிருக்கிறார். வேலைக்கு மட்டம் போடுகிறவனைப் பொறுத்துக்கொள்வாராம். மூஞ்சிக்கு நேரே பொய் சொல்கிறவனை ஒரு நிமிஷம் வைத்துக்கொள்ள மாட்டாராம். மெத்தையிலிருந்து எழச் சொல்லிவிட்டார். இருபது வருஷம்! அரை மணி நேரத்தில் பெட்டி கட்டியாகிவிட்டது.

அவர்தான் கேட்டார்.

"அத விடு. நீ தூக்கினியா?"

அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன். வேலை போன மனிதன், ஊரில் இரண்டு பெண்பிள்ளைகள், ஐம்பதைத் தாண்டிய வயசு. எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு என் வாயையே பார்த்தார். கைக்குட்டை கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"தூக்கிட்டேன் அண்ணாச்சி. ஃபர்ஸ்ட் நான்தான். வேலை கெடச்சிருச்சு."

"ஆத்தாடி!" என்று எழுந்தே விட்டார். என் தோள் இரண்டையும் பிடித்து உலுக்கினார். "அது போதும்ல. மெத்தையில உக்காந்து ஒன் காலும் செத்துரும்னு பயந்தேன். நீயாச்சும் வெளிய போயிட்ட."

எக்மோர் பக்கம் போகும் எலெக்ட்ரிக் டிரெயின் வந்தது. பெட்டியை இடது கையால் தூக்கி ஏற்றிவிட்டேன். ஜன்னலில் அவர் சிரித்துக்கொண்டே போனார்.

நான் கடைக்குத் திரும்பினேன். வேறு எங்கே போவது? படுக்கை, சட்டை, எல்லாம் அந்த மாடியில் இருந்தது. முதலாளி கல்லாவிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். "ரெண்டு பேத்தையும் அனுப்பிட்டா சீசன்ல வியாபாரத்த யாரு பாக்கது? போய் அவன் எடத்துல உக்காரு" என்றார். ஜனம் காத்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்தேன். இடது கையால் விரித்தேன்.

அந்த இடத்திலிருந்துதான் நான் ரிடையர் ஆனேன். சைதாப்பேட்டைக்கு அப்புறம் போகவில்லை. அண்ணாச்சி ஊர் வழியாகப் பல தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன், ஒரு தடவைகூட இறங்கியதில்லை. ஃபாக்டரியில் இருக்க வேண்டிய நான் எந்த முகத்தோடு இறங்குவேன்? எங்கள் கடை ஆட்கள் எல்லாரும் அந்தப் பக்கத்துக்காரர்கள்தான். உண்மை அவருக்கு ஒரு மாதத்துக்குள் தெரிந்திருக்கும். அவர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. காலமாகிவிட்டார் என்ற தகவல் மட்டும் வந்தது.

இப்போது கடைகளில் வேலை பார்க்கும் பையன்கள் என்னிடம் கேட்கிறார்கள், இவ்வளவு வேலைக்கு நடுவில் எக்சர்சைஸுக்கு எப்படி நேரம் கண்டுபிடித்தீர்கள் என்று. தூக்கத்தைக் குறைத்தால் ஒரு மணி நேரம் வரும், சாப்பாட்டைக் குறைத்தால் பத்து நிமிஷம் வரும். அது உங்களுடையது, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் வேண்டுமென்றால், உங்கள் இடத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். அவர் சரி என்று சொன்னாலும், பிடிபட்டால் அவருக்கு என்ன போகும் என்று அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பின்வாசலில் சைக்கிள் தயாராக நின்றது, எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, நான் கேட்கவில்லை.