கிடாரில் பதிந்த பெருவிரல்

பாலாற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போனதே, அந்த வருஷம். எங்கள் தெருவுக்கு முதல் கலர் டிவி வந்ததும் அதே வருஷம்தான். எழுதப் படிக்கத் தெரியாதவன் நான், இப்படித்தான் வருஷங்களை ஞாபகம் வைத்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல மருமகள் போனில் டைப் அடிக்கிறாள்.

முதலில் வருவது வாசனை... லாக்கர் என்கிற பளபளப்புப் பூச்சும் அதை இளக்குகிற தின்னரும் கலந்தால் கனிந்த வாழைப்பழ வாசனை அடிக்கும். எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் பத்து நாள் அதுதான்.

ஆம்பூரில் தோல் கம்பெனியில் எனக்கு ஸ்ப்ரே கன் வேலை. தோலுக்குக் கடைசிப் பளபளப்பு கொடுக்கிறவன். என் தோஸ்த் தைரியம் ஷூ கம்பெனியில் பேக்கிங். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய புடவையில் சுற்றிய கிடாரோடு வாசலில் வந்து நின்றான்.

அது அவன் கிடார் இல்லை. அவன் கட்டிக்கொள்ளப்போகிற சலோமியின் அண்ணனுடையது. கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போகிற கேரல் ரவுண்ட்ஸில் அந்த அண்ணன்தான் முன்னால் வாசித்துக்கொண்டு போவான். காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். அவன் அம்மா, எஸ்தர் அம்மா, கிடாரை ஆணியில் மாட்டிவிட்டு, ஒருத்தரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். சலோமியைத் தூசி தட்டக்கூட விடமாட்டார்.

அந்த அம்மா நெமிலியில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஓடு ஒழுகியது. கிடாரின் முகமெல்லாம் வெளுத்து, பொருக்குப் பொருக்காக உரிந்துவிட்டது.

"கிறிஸ்துமஸுக்கு மொதல் நாள் வந்துடும்டா அந்தம்மா. இத பார்த்தா அவ்ளோதான். கல்யாணமே பேஜாராயிடும்" என்றான் தைரியம்.

"நான் தோலுக்கு அடிக்கிறவன்டா. மரத்தப் பத்தி எனக்கு இன்னா தெரியும்?"

"செத்த மாட்டுக்கே பளபளப்பு குடுக்குற. இது மரம், ஒதைக்காது. அடிடா."

உப்புத்தாள் போட்டுப் பழசை எல்லாம் தேய்த்து எடுத்தோம். லாரிப் பட்டறையில் கம்ப்ரசர் இரவல் வாங்கி, நல்ல வெயிலில் முதல் கோட் அடித்தேன்.

குழி குழியாக விழுந்தது. மீன் கண் மாதிரி வட்ட வட்டமாக... அந்த இடத்தில் மட்டும் லாக்கர் உட்காராமல் விலகி ஓடியது. தேய்த்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடியும் அதே குழி. தைரியத்தின் முகம் செத்துப்போனது.

மறுநாள் கம்பெனியில் மேஸ்திரி பாயிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"லாக்கர் மேல குத்தம் இல்ல. அடிக்கிறதுக்கு முன்னாடி தடவிப் பார்த்தியா?"

"ஆமா பாய்."

"அதான். ஒன் கையில இருக்குற எண்ணெ ஜாஸ்தியா, தோல்ல இருக்குற எண்ணெ ஜாஸ்தியான்னு எனக்கே தெரியல."

தோல் மெத்தென்று இருக்க எண்ணெய் ஏற்றுவார்கள். அது எங்கள் கைக்குள்ளும் ஊறிவிடும், சோப்புக்குப் போகாது. ஸ்ப்ரே பிடிப்பதற்கு முன் உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவது எனக்குப் பழக்கம். கை தானாகப் போகும்.

அதற்கப்புறம் தைரியம்தான் தின்னர் துணியால் துடைத்தான், அவன்தான் கொடிக்கம்பியில் மாட்டினான். நான் ஸ்ப்ரே கன்னை மட்டும் தொட்டேன். "கிட்ட வராதடா, எண்ணெச் செக்கு" என்று துரத்துவான். ஒரு கோட் காயும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கேரல் பாட்டு பாடுவான். எனக்குத் தெரியாத பாட்டு... நானும் கூடவே முணுமுணுப்பேன்.

கடைசிக் கோட்டில் கிடார் கண்ணாடியாகிவிட்டது. வேப்பமரம் தெரிந்தது, கொடிக்கம்பி தெரிந்தது, எங்கள் இரண்டு பேர் முகமும் தெரிந்தது.

அப்போதுதான் அந்தக் காரியம் செய்தேன். தோல் என்றால் சீக்கிரம் காய்ந்துவிடும், பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்து அடுத்த மேஜைக்கு அனுப்புவோம். அதே ஞாபகத்தில் கிடாரை அழுத்திவிட்டேன். மேலே காய்ந்திருந்தது, அடியில் இளகல். விரலை எடுத்தால் ரேகை ரேகையாக அப்படியே பதிந்திருந்தது.

தைரியம் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தான். பிறகு, "கம்பெனி நோட்டுல வைக்கிறது பத்தலியாடா ஒனக்கு? இதுலயும் கைநாட்டா?" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான், வரவில்லை.

தேய்த்து எடுக்கவேண்டும் என்றால் அது இறுகப் பல நாள் ஆகும். எஸ்தர் அம்மா வருவது மறுநாள்.

மறுநாள் சலோமி வீட்டில் அதே ஆணியில் மாட்டிவிட்டு, அவளும் தைரியமும் நானும் சுவரோரம் நின்றோம். அந்த அம்மா பையைக்கூட இறக்கவில்லை. நேராகப் போய்க் கிடாரைப் பார்த்தார். சலோமி அழுதுகொண்டே நடந்ததை எல்லாம் சொன்னாள். அம்மாவின் விரல் மெதுவாக மேலே ஓடி அந்த இடத்தில் நின்றது.

"இது யாரு கை?"

"என்துதாம்மா. அவசரத்துல வச்சிட்டேன். ரெண்டு வாரம் போனா தேய்ச்சி எடுத்துடுறேன்."

"வேணாம்ப்பா" என்றார். "ரெண்டு வருஷமா இத ஒரு ஆளும் தொடல... நான்தான் தொட வுடல. இருக்கட்டும் ஒன் கை."

ஆணியிலிருந்து எடுத்துத் தைரியத்திடம் நீட்டினார். அன்று ராத்திரி அந்தக் கிடாரோடு போன கேரல் கூட்டத்துக்குப் பின்னால் எஸ்தர் அம்மா நடந்து வந்தார். தெருமுனைவரை நானும் போனேன்.

இப்போது ரேஷன் கடையில் மெஷின் மேல் பெருவிரலை வைக்கச் சொல்கிறார்கள். வேட்டியில் துடைத்துத் துடைத்து வைக்கிறேன், எடுக்கமாட்டேன் என்கிறது. இத்தனை வருஷத் தின்னர் ரேகையைத் தின்றுவிட்டது. "தாத்தா, ஒங்க வெரல்ல ஒண்ணுமே இல்லியே" என்கிறாள் கடைப் பெண். இருக்கிற இடத்தை அவளுக்கு எப்படிச் சொல்வது?

எஸ்தர் அம்மா போய் ரொம்ப வருஷம். மேஸ்திரி பாய் போய்விட்டார். போன மழைக்கு முன்னால் தைரியமும் போய்விட்டான்... என்னை 'டேய்' என்று கூப்பிட இனிமேல் ஆள் இல்லை.

அந்தப் பத்து நாள் கதை தெரிந்தவர்களில் என்னை விட்டால் இன்னும் ஒருத்திதான். மாதனூரில், அந்தக் கிடார் மாட்டியிருக்கிற வீட்டில், சலோமி.