சிவப்புச் சீட்டு ஒட்டாத கடிதம்

துறைமுகத்துக்கு எதிரே இருந்த நான்கு மாடிக் கட்டடத்தில், மூன்றாவது மாடியின் கோடி அறையில் உட்கார்ந்திருந்தவருக்கு ஏற்றுமதியாளர்கள் வைத்த பெயர் முட்டுக்கட்டை. அவருக்கும் அது தெரியும். உள்ளூர ஒரு பெருமை கூட இருந்தது. கப்பலேறப் போகும் சரக்கில் எது வெறும் சரக்கு, எது நாளைக்கு ஆயுதமாகும் என்று பார்த்து, சந்தேகம் வந்தால் நிறுத்தி வைப்பதுதான் இருபத்தாறு வருஷமாக அவர் செய்த உத்தியோகம். பம்பு, உருக்குக் குழாய், அளவுமானி எல்லாமே காகிதத்தில் பரம சாதுவாகத்தான் இருக்கும். யார் வாங்குகிறான், எதற்கு வாங்குகிறான் என்று துருவினால்தான் குட்டு உடையும். துருவுவதில் மனிதர் கில்லாடி. சம்பளம் மட்டும் துருவத் துருவ அப்படியே இருந்தது.

அந்த அலுவலகத்தில் 'அவசரம்' என்று அச்சடித்த சிவப்புச் சீட்டு உண்டு. ஒரு காலத்தில் அதற்கு மரியாதை இருந்திருக்கலாம். இவர் வேலைக்குச் சேர்ந்தபோதே, நாற்காலியின் ஒடிந்த காலுக்கு ஆணி கேட்கும் கடிதத்துக்கும் அதை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சிவப்புச் சீட்டுக் கோப்புகள் மேலதிகாரியின் அறையில் மலையாகக் கிடக்கும். சீட்டில்லாதவை நாளுக்கு நாலோ ஐந்தோதான் வரும், தேநீர் ஆறுவதற்குள் அவற்றில் கையெழுத்து விழுந்துவிடும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் நிஜமான அவசரத்துக்குச் சீட்டு ஒட்டவே மாட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இந்த வித்தையை இவரே சொல்லிக்கொடுப்பார்.

அப்படித்தான் ஒரு நாள் இருநூற்று நாற்பது சிறிய எஞ்சின்களுக்கான விண்ணப்பம் அவர் மேசைக்கு வந்தது. வயலுக்கு மருந்து தெளிக்கும் ஆளில்லா விமானங்களுக்காம். வாங்குகிற நிறுவனத்தைத் துருவினார். போன வருஷம் வரை குளியல் துண்டு விற்றுக்கொண்டிருந்த கம்பெனி. அதன் விலாசம் ஒரு அடுக்குமாடியின் எட்டாவது மாடி. எட்டாவது மாடியில் ஏது வயல்? அதே எஞ்சின் வைத்த விமானத்தில் வெடிமருந்தைக் கட்டி ஊர்மேல் விடலாம் என்பது அவருக்குத் தெரியும்.

ஆனால் சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மறுக்க முடியாது. இதே மாதிரி எஞ்சின் செய்யும் இன்னொரு நாடு உண்டு. வாங்குகிறவன் முதலில் அங்கே போய்க் கதவைத் தட்டியிருப்பான். இந்த மாதிரிச் சரக்கு விஷயத்தில் நாடுகள் கூடி ஓர் உடன்பாடு செய்திருந்தன. தூதர்கள் கைகுலுக்கிப் படமெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாடு ஒருவனுக்கு மறுத்திருந்தால், கேட்கிற நாட்டுக்கு அதைச் சொல்ல வேண்டும். சொல்ல முப்பது நாள் அவகாசம். அதற்குள் பதில் வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று அர்த்தம். வாயை மூடிக்கொண்டிருந்தாலே சம்மதம் என்று எழுதிவைத்த புத்திசாலி யாரோ!

இவனுக்கு மறுத்ததுண்டா என்று அந்த நாட்டைக் கேட்டு ஒரு கடிதம் எழுதி, அதை மூன்று தடவை திருத்தினார். சீட்டு ஒட்டவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் அதைப் பெருமையாகச் சொன்னார். மனைவி மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள்.

"அவசரம்னா அவசரம்னு ஒட்டறதுல என்ன குறைஞ்சு போச்சு?" என்றாள்.

"உனக்கு ஆபீஸ் வழக்கம் தெரியாது. ஒட்டினா கிணத்துல போட்ட கல்லு."

"அது உங்க ஆபீஸு. அவங்களும் அப்படித்தான்னு யார் சொன்னா?"

"ஆபீஸ்னா எல்லா ஊர்லயும் ஆபீஸ்தான்."

அவள் சாப்பாடு எடுத்து வைக்க எழுந்து போனாள்.

இருபதாம் நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பதில் வெளியுறவு அமைச்சகம் வழியாகத்தான் வர வேண்டும் என்பதால், அங்கே தினமும் தொலைபேசியில் கேட்டார். "வந்தா சொல்ல மாட்டேனா சார்?" என்று அந்தப் பக்கத்து ஆள் அலுத்துக்கொண்டார். முப்பதாம் நாள் மாலை மேலதிகாரி கூப்பிட்டு அனுப்பினார்.

"பதில் வரல இல்ல? விட்ருங்க. பிடிச்சு வச்சா கோர்ட்டுக்குப் போவான், நம்ம சட்டையைத்தான் பிடிப்பாங்க."

"இன்னும் பத்து நாள் பாக்கலாம் சார். எனக்கு மனசு ஒப்பல."

"மனசுக்கு எந்த விதியில சார் இடம் இருக்கு?"

இவர் ஏற்றுமதி அனுமதியில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் ஜன்னல் வழியாகக் கப்பல் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாற்பத்தோராம் நாள் பதில் வந்தது. 'இந்நிறுவனத்துக்கு இதே வகை எஞ்சின்களை நாங்கள் சென்ற ஆண்டே மறுத்துள்ளோம். அவசரக் குறிப்புள்ள கடிதங்களுக்கு எங்கள் அலுவலகம் அன்றே பதில் அளிக்கும். தங்கள் கடிதத்தில் அக்குறிப்பு இல்லாததால் வரிசைப்படி எடுத்துக்கொண்டோம்.' கப்பலைத் திருப்ப முடியுமா என்று விசாரித்தார். சரக்கு இறங்கி நாலு நாள் ஆகியிருந்தது.

ஏழு மாதம் கழித்து வேறொரு நாட்டிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. கருகிய இரும்புத் துண்டு, அதில் எஞ்சின் எண். இது உங்கள் நாட்டிலிருந்து போனதா என்று கேட்டிருந்தார்கள். அவர் கப்பலேறிய எஞ்சின்களின் எண் பட்டியலை எடுத்து விரலை ஓட்டினார். நூற்றுப் பதினேழாவது வரி. இணைத்திருந்த குறிப்பில், காய்கறிச் சந்தையில் விழுந்தது, இறந்தவர் பத்தொன்பது பேர் என்று இருந்தது. மேசையில் இருந்த தண்ணீரை எடுத்தார். குடிக்காமலே திரும்ப வைத்தார்.

வீட்டில் சொன்னார். 'நான் அன்னிக்கே சொன்னேனே' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவளோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"எல்லாரும் என்னை முட்டுக்கட்டைன்னு சொல்வாங்க. ஒரே ஒரு தடவை, நிஜமா அப்படி இருக்க வேண்டிய இடத்துல இல்லாம போயிட்டேன்" என்று அழுதார்.

மறுநாள் பதில் எழுதினார். அவர்கள் கேட்டது ஒரே எண்ணைத்தான். இவர் மீதி இருநூற்று முப்பத்தொன்பது எண்களையும் சேர்த்து எழுதினார். குளியல் துண்டுக் கம்பெனி இன்னும் கைமாற்றாத சரக்கு இருந்தால், எல்லைச் சாவடிகளில் அந்த எண்களை வைத்துப் பிடிக்கலாம். பிறகு இழுப்பறையைத் திறந்து, இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு சிவப்புச் சீட்டை எடுத்து ஒட்டினார்.

கோப்பு வாங்க வந்த குமாஸ்தா சிரித்தே விட்டார். "சார், நீங்களா? ஒட்டினா இங்க தூங்கும், ஒட்டலன்னா அங்க தூங்கும். எங்க தூங்கணும்னு நீங்களே சொல்லுங்க."

இவர் கோப்பைப் பிடுங்கிக்கொண்டு மேலதிகாரியின் அறைக்கே போய்விட்டார். நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

மேலதிகாரி தலை நிமிரவில்லை. "இங்க எல்லாருக்கும் அவசரந்தான். அங்க வச்சிட்டுப் போங்க, வரிசைல பாக்கறேன்."

சிவப்புக் குவியலின் மேல் வைத்துவிட்டு வந்தார். தினமும் ஏதாவது சாக்குச் சொல்லி உள்ளே போய்ப் பார்த்தார். மூன்றாம் நாள் அதன்மேல் ஒரு சாண் உயரத்துக்குக் கோப்புகள் ஏறியிருந்தன. எட்டாம் நாள் அது கண்ணுக்கே தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் காலை இன்னொரு புகைப்படம் வந்தது. அனுப்பியவர்கள் அவசரக் குறிப்பு எதுவும் போடவில்லை. அதனால் மேலதிகாரி தேநீர் ஆறுவதற்குள் அதைப் பார்த்து இவர் மேசைக்கு அனுப்பியிருந்தார். அவர் பட்டியலை எடுத்தார். இருநூற்று மூன்றாவது வரி.