அத்தைக்கு நான் படித்த வசனம்

அந்த ஞாயிறு மாதா கோயில் பூசை முழுவதும் நான் அத்தையின் முந்தானையை விடவே இல்லை. சாமியார் அத்தையின் கல்யாண அறிவிப்பை, முதல் ஓலையை, வாசித்தார். மாப்பிள்ளை கீழவைப்பார் ஊர்க்காரர், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்றார். தடை நான்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அத்தை அப்பாவின் தங்கை. முப்பத்து நான்கு வயது, இறால் கம்பெனியில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வரும் மத்தியானங்களில் நாங்கள் இருவரும் அவள் போனில் கிறிஸ்மஸ் படம் பார்ப்போம். எல்லாம் இங்கிலீஷ், எல்லாம் ஒரே கதை. கல்யாணமாகாத ஒருத்தி பண்டிகைக்கு ஊருக்கு வருவாள். எல்லாரும் எப்போது கல்யாணம் என்று கேட்பார்கள். கடைசியில் ஒருவன் வந்துவிடுவான். அத்தைக்குப் பிடித்தது முதல் பாதிதான். அந்தப் பெண்ணுக்குத் தனி வீடு, தனிச் சாவி. காப்பியோடு ஜன்னலருகே நிற்பாள், யாரும் அதட்டமாட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிய முதல் ஆள் நான். அப்போது நான்காம் வகுப்பு; படத்தை அத்தைக்குத் தமிழில் படித்துச் சொல்வது என் வேலை. படத்தின் கீழே ஓடும் வரிகள் என்னைவிட வேகம். அதை ஒப்புக்கொள்ள மனம் வராமல் வசனத்தை நானே உண்டாக்கினேன். அத்தை போய்விட்டால் நான் யார் பக்கத்தில் படுப்பது? அதனால் எல்லாப் படத்திலும் கடைசியில் அந்தப் பெண், "எனக்குக் கல்யாணம் வேண்டாம், இப்படியே நல்லாருக்கேன்" என்று சொன்னாள்.

பூசை முடிந்ததும் அத்தை சாமியாரிடம் போய், தனக்குச் சம்மதமில்லை என்று சொல்லிவிட்டாள்.

வீட்டில் அப்பாவின் சத்தம் தெருவுக்குக் கேட்டது. "யாருளா ஒனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?"

"படத்துல ஒருத்தி சொல்லுதா, அண்ணே."

கதவுக்குப் பின்னால் நின்ற என்னை அப்பா பார்த்துவிட்டார். "ஏளா, இங்கன வா. பள்ளிக்கூடம் போறவதான நீ? படி, அவ என்ன சொல்லுதான்னு கேப்போம்."

போனில் கடைசிக் காட்சி. பனி கொட்டுகிறது. ஒருவன் மோதிரத்தோடு முழங்காலில் நிற்கிறான். அவள் அழுதுகொண்டே சிரித்து அவனைக் கட்டிக்கொள்கிறாள். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமான வசனத்தைப் படித்தேன். முடிப்பதற்குள் பாவாடை நனைந்துவிட்டது.

அப்பா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அத்தையை வெகுநேரம் பார்த்தார்.

"படிச்ச புள்ள சொல்லுதா. சரியாத்தான் இருக்கும்" என்று போனை அத்தையிடமே கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலை வாசிக்கப்படவில்லை.

எழுத்துத் தெரியாத இரண்டு பேரை ஏமாற்றிவிட்டேன் என்ற பயம் பல வருடம் என்னை விடவில்லை. வளர்ந்த பிறகுதான் தோன்றியது: மோதிரத்தோடு முழங்காலில் நிற்பவன் என்ன கேட்கிறான் என்று புரிய இங்கிலீஷ் எதற்கு? அந்த அறையில் படிக்கத் தெரியாமல் நின்றது நான் ஒருத்திதான்.