உறவுக்காரி என்று எழுதிக் கொடுத்தோம்

என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று ஊரே சொல்லும். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் நான். அந்தக் கையெழுத்தால்தான் என் தங்கையைக் கெடுத்தேன்.

வெண்ணந்தூரில் எங்களுக்குக் கையகல நிலம் கிடையாது. பினாங்கில் ஜவுளிக்கடை வைத்திருந்த உள்ளூர்க்காரர் ஒருவர், தன் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் தங்கையைக் கேட்டு வந்தார். கூலிக்காகக் கப்பலேறுகிறவர்களைப் பற்றி அப்போது நம் சர்க்காருக்கும் மலாயா சர்க்காருக்கும் ஒப்பந்தம் இருந்தது. நாகப்பட்டினத்து முகாமில் பெயரைப் பதிய வேண்டும். அக்கரையில் ஒரு குறை என்றால் விசாரிக்க நம் அதிகாரி ஒருவர் உண்டு. ஆனால் அந்த முகாமில் நோய் தொற்றாமல் இருக்க உடுத்த துணியை ஆவியில் வேகவைத்து, கண்டவர்களோடும் ஒரு வாரம் உட்கார வைப்பார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கு அது இழுக்கு என்று அம்மாவுக்குப் பட்டது. கூலிக்குப் போனவள் என்று பெயர் வந்தால் எவன் வந்து பெண் கேட்பான்?

"சொந்தக்காரப் புள்ளைன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா முகாமே வேண்டாமுங்க" என்றார் கடைக்காரர்.

அவர் மனைவிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று நான் எழுதினேன். அப்பா கைநாட்டு வைத்தார். அவ்வளவு பெரிய குடும்பத்தோடு உறவாகிவிட்டதாக எங்களுக்கு ஒரே பெருமை. அசட்டுப் பெருமை.

தங்கை கப்பலேறிய மூன்றாம் வருஷம், ரப்பர் தோட்டத்திலிருந்து திரும்பிய ஒருவர் சொன்னதைக் கேட்டு அம்மா சுருண்டுவிட்டாள். தங்கையை வாசலுக்கே விடுவதில்லை, சம்பளம் என்று ஒன்றும் இல்லை, முழங்கையில் சூட்டுத் தழும்பு. ஊருக்கு அனுப்பச் சொல்லுங்கள் என்று பின்கட்டுச் சன்னல் வழியே அவரிடம் அழுதாளாம்.

அங்கிருந்த அதிகாரிக்கு மனு எழுதினேன். பதில் வந்தது, மரியாதையாகத்தான். ஒப்பந்தம் கூலிக்கு வந்தவர்களுக்கு மட்டும். உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் பெண் விஷயத்தில் தலையிட வழியில்லை. பொய் எழுதிவிட்டோம் என்று மறுபடி எழுதினேன். முதலில் எழுதிக் கொடுத்ததன் நகலை அனுப்பி, இரண்டில் எதை நம்புவது என்று கேட்டிருந்தார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அப்புறம் யுத்தம் வந்து கப்பலே நின்றுபோனது.

ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க வந்த குமாஸ்தா, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். அம்மா நாலு என்றாள். அப்பா, அம்மா, நான். நாலாவது ஆள் எங்கே என்றார் அவர். பினாங்கில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள் என்று வெளியாளிடம் முதல்முறையாக அம்மா வாய்விட்டுச் சொன்னாள். இங்கே இருப்பவர்களை மட்டும்தான் எழுத முடியும் என்றார் குமாஸ்தா.

அம்மா என்னைப் பார்த்தாள்.

"அப்ப மூணுன்னே எழுதிக்குங்க சாமி" என்றாள்.