ட்ரியர் போகும் வான்

வாடகை வான் ஓட்டுகிறவனுக்குப் பாதையைவிடப் பின்னால் இருப்பவர்களின் வதிவிடப் பத்திரங்கள்தான் பயம். பிரான்சில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலிலிருந்து எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு எல்லை கடந்தவர்களுக்கு அது புரியும். அதிலும் நான் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு நேர்முகத்துக்குக் காத்திருந்தவன். பொலிசோடு ஒரு சின்னச் சிக்கல் வந்தாலும் கோப்பு கிடப்பில் போய்விடும் என்று பயந்துகொண்டே ஓட்டினேன்.

கறுப்பு வாசல்

ஜெர்மனியின் பழைய நகரம் ட்ரியர். ரோமர் கட்டிய கோட்டை வாசல் கன்னங்கரேலென்று நடுத்தெருவில் நிற்கிறது. அதனடியில் பஸ் நிற்கும், மாணவர்கள் ஐஸ்கிரீம் தின்பார்கள். அங்கே ஒரு கலியாணத்துக்கு நான் கூட்டிப்போனவர்கள் வாசலின் முன்னால் படம் எடுத்தார்கள். பக்கத்தில் கோப்பி குடித்த இரண்டு பொலிசையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அக்கா மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு வசதியான நாடு, இதுக்கு ஒருக்கா வெள்ளை அடிக்கேலாதோ?"

பிளாஸ்டிக் உறை

எல்லையில் மறுபடி சோதனை தொடங்கியபின், ஏறும்போதே எல்லோருடைய வதிவிட அட்டையையும் பார்ப்பேன். இன்னொரு கலியாணத்துக்குப் புறப்பட்ட அன்று, மணியண்ணை பிளாஸ்டிக் உறை போட்ட போட்டோக் கொப்பியை நீட்டினார். உண்மையான அட்டை வீட்டு அலுமாரியில், பூட்டுக்குள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கொப்பி செல்லாது என்று கத்தி, பக்கத்து மெத்ரோ நிறுத்தமான ஸ்டாலின்கிராட்டிலிருந்த வீட்டுக்கு அவரைத் திருப்பி அனுப்பினேன். முக்கால் மணி நேரம் போனது. அட்டையோடு வந்து ஏறியவர் முணுமுணுத்தார்: "துலைஞ்சால் ஆர் தம்பி தாறது?"

எல்லை

அன்று எல்லையில் மறித்தார்கள். எட்டு அட்டைகளையும் பெருமையோடு கொடுத்தேன். பொலிஸ்காரர் என்னுடையதைக் கேட்டார். பர்ஸில் அது இல்லை. முதல்நாள் நேர்முகக் கோப்புக்காக ரூ பெர்தொனே தெருவிலுள்ள கடையில் கொப்பி எடுத்துவிட்டு, அட்டையை மெஷின் கண்ணாடியிலேயே விட்டிருந்தேன். கடைக்காரருக்கு போன் எடுத்தேன். "ஓம், இஞ்சைதான் கிடக்கு" என்றார்.

சாரதி அனுமதிப்பத்திரத்தை வைத்து அவர்கள் கணினியில் தேடி முடிக்க முகூர்த்தம் தாண்டிவிட்டது. அந்த நேரம் முழுக்க என் கோப்பு கிழிபடும் சத்தமே எனக்குக் கேட்டது. கடைசியில் போகச் சொன்னார்கள். வானை எடுத்தேன். பின் இருக்கையிலிருந்து மணியண்ணை மெதுவாகச் சொன்னார்: "இதுக்குத்தான் தம்பி நான் ஒறிஜினலை வெளியிலை எடுக்கிறேல்லை."

நேர்முகம் முடிந்து குடியுரிமையும் கிடைத்துவிட்டது, ஆனாலும் ட்ரியர் போகும் எட்டுப் பேரும் முதலில் என்னுடைய அடையாள அட்டையைப் பார்த்த பிறகுதான் வானில் ஏறுகிறார்கள்.