ஒராங்குட்டானைப் பார்க்க நல்ல மாதம்

யூரோ வந்த மறு வருடம், டுசல்டோர்ஃபில் குணம் அண்ணை நடத்திய டிக்கெட் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அதனால் எதையும் ஒழுங்காகச் செய்யவேண்டும் என்ற பிடிவாதம். ஆனால் சோதனைக் காலத்தின் கடைசிக் கிழமை வரை ஒரு டிக்கெட்கூட விற்கவில்லை.

"தம்பி, வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்டாவது வித்துக் காட்டும். இல்லாட்டி வேற இடம் பாரும்," என்றார் அண்ணை.

செவ்வாய்க்கிழமை, ஓய்வுபெற்ற ஜெர்மன் ஆசிரியர் ஒருவர் மனைவியோடு வந்தார். மனிதக் குரங்கான ஒராங்குட்டானைக் காட்டிலேயே பார்க்கப் போர்னியோ போகவேண்டுமாம். எது நல்ல மாதம் என்று கேட்டார்.

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் லண்டனில் சித்தப்பா, டொரோண்டோவில் மச்சாள் என்று சொந்தம் பார்க்கப் போகிற ஆட்கள். படிவத்தின் மூன்றாவது வரியே, போய்த் தங்கும் உறவினரின் பெயர்தான். நானும் பேனாவோடு கேட்டேன்: "போர்னியோவில் உங்கள் சொந்தக்காரர் யார்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஒராங்குட்டான்தான். கொஞ்சம் தூரத்துச் சொந்தம்," என்றார் ஆசிரியர்.

"இவருடைய பக்கம்," என்றார் மனைவி.

அண்ணை என் காதருகே குனிந்தார். "டிசம்பருக்கு மலிவாய் இடம் கிடக்கு. அதையே சொல்லும்."

எனக்கு மனம் கேட்கவில்லை. அங்கே படகோட்டும் வழிகாட்டி ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன். மார்ச் முதல் அக்டோபர் வரை மழை குறைவு, டிசம்பரில் கொட்டும் என்றார் அவர். "ஆனால் பழம் பழுத்த இடத்துக்குத்தான் ஒராங்குட்டான் வரும். எப்போது பழுக்கும் என்று மரத்தைத்தான் கேட்கவேண்டும்."

அதை நான் சொன்னதும் ஆசிரியர் நாட்குறிப்பை விரித்தார். "சரி, எந்த நாள்? எத்தனை மணிக்கு?"

"காலையிலும் பின்னேரமும் பார்க்கலாம். ஆனால் டாக்டர் மாதிரி நேரம் குறித்து அது டெர்மின் தராது. டிசம்பரில் மட்டும் போகாதீர்கள்," என்றேன்.

யோசித்துச் சொல்வதாகக் கிளம்பிவிட்டார்கள்.

"நல்ல வேலை பாத்தீர்! வந்த சனத்தையும் கலைச்சுப் போட்டீர்," என்றார் அண்ணை. மூன்று நாள் என் முகத்தையே பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை கடை பூட்டும் நேரம் இருவரும் திரும்பி வந்தார்கள். போன மற்ற டிக்கெட் கடைகளில் எல்லாம், எந்த மாதமும் நல்லது என்றார்களாம். ஜூலைக்கு இரண்டு டிக்கெட் எடுத்தார்கள்.

அவர்கள் போனதும் அண்ணை கதிரையில் சாய்ந்தார். "நான் அப்பவே நினைச்சனான், ஜூலைதான் திறம் எண்டு."

"ஓம் அண்ணை," என்றேன்.

"திங்கட்கிழமை நேரத்துக்கு வாரும்."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எப்போது போகலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். எப்போது போகக்கூடாது என்று சொல்கிறவனிடம்தான் ஆட்கள் திரும்பி வருகிறார்கள்.