பத்துக் கூடை எரு

எங்கள் வரிசையில் எட்டு வீடுகள். பின்புறம் இருபது சென்ட் காலி நிலம், அதன் நடுவில் ஒரு கிணறு. ரேஷனில் அரிசிக்குப் பதிலாக மைலோ என்ற சீமைச் சோளம் போட்ட வருடம், அந்த நிலத்தை எட்டுப் பாத்தியாகப் பிரித்து வீட்டுக்கு ஒன்றாகக் காய்கறி போடலாம் என்று சொன்னவள் நான். அப்போது பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வீடுகளும் நிலமும், அடுத்திருந்த தோல் பதனிடும் தோல்ஷாப்பின் முதலாளியுடையவை. அந்தப் பாயிடம் போய்க் கேட்டேன்.

“போட்டுக்கங்க டீச்சரம்மா. மரம் மட்டும் வைக்காதீங்க. மரம் வளந்துட்டா நிலம் யாருதுன்னு எனக்கே மறந்துரும்,” என்றார் பாய், சிரிக்காமல்.

சணல் கயிறு கட்டி அளந்தேன். சீட்டுக் குலுக்கிப் பாத்தி கொடுத்தோம். தண்ணீருக்கு முறை வைத்தேன்: வீட்டுக்குக் காலையில் இருபது வாளி, மாலையில் இருபது. யார் எத்தனை இறைத்தார்கள் என்பது நாள்தோறும் என் டைரியில் இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஐந்தாம் பாத்தி கடைசி வீட்டுக்காரிக்கு விழுந்தது. குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காட்டில் பிறந்து வளர்ந்தவள். புருஷன் தோல்ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்று வேலை பார்த்தவன். இருமல் முற்றி வீட்டோடு கிடந்தான். இரண்டு பெண் குழந்தைகள். எங்களுக்குத் தோட்டம் என்றால் குழம்புக்கு ஒரு பிடி காய். அவள் வீட்டில் உலை ஏறுவதே அதை வைத்துத்தான். விடியலில் கீரை பறித்துக் கட்டு கட்டி, நாலு தெரு சுற்றி விற்று வந்தால் அன்றைக்கு அடுப்பு எரியும்.

வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தையில் வாங்கிய ஆடுகளை வெள்ளிக்கிழமை எங்கள் தெரு வழியாக ஓட்டி வருவார்கள். மந்தைக்குப் பின்னாலேயே அவள் கூடையும் விளக்குமாறுமாகப் போவாள். புழுக்கையைக் கூட்டி அள்ளி வந்து, அடுப்புச் சாம்பல் கலந்து பாத்தியில் போடுவாள். தெரு பார்த்துச் சிரிக்கும். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

ஆனி மாதத்தில் அவள் பாத்தியில் தண்டுக்கீரை முழங்கால் உயரம் நின்றது. மற்ற ஏழும் சவலை. மூன்றாம் வீட்டுப் பூட்டுக்காரர் கிணற்றடியில் நின்று எல்லோரும் கேட்கச் சொன்னார்: “நாம தூங்குனப்புறம் இறைக்கிறாளோ என்னமோ. டீச்சர் நோட்டும் அந்நேரம் தூங்குமுல்ல.”

இரண்டு நாள் இரவும் பகலும் நானே கிணற்றடியில் உட்கார்ந்து எண்ணினேன். அவளுடையது வேளைக்குச் சரியாக இருபது வாளி; இரவில் ஒன்றுமில்லை. அதைச் சொன்னேன். முணுமுணுப்பு அடங்கவில்லை. இரண்டு வீட்டார் பாத்தியை விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். நான் தொடங்கியது கண்ணெதிரே கலைவதை என்னால் பொறுக்க முடியவில்லை. தண்ணீர் சமமாக இருந்தும் பொறாமை போகவில்லையென்றால் எருவும் சமமாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

தோல்ஷாப் வெளிச்சுவரோரம் கழிவுக் குவியல் ஒன்று கிடந்தது. மயிர், தோல் துணுக்கு, சுண்ணாம்பு. நல்ல எரு என்று சொல்வார்கள். பாய் அள்ளிக்கொள்ளச் சொன்னார். ஆடிப் பதினெட்டுக்கு விதைப்பு. அதற்குள் பாத்திக்குப் பத்துக் கூடை. போடாதவர் பாத்தியைத் திருப்பித் தர வேண்டும். தாளில் எழுதிக் கிணற்றடியில் படித்தேன்.

மற்றவர்கள் போகும்வரை அவள் நின்றாள்.

“டீச்சர், அந்தக் குமி வேணாம். தோலு உப்புப் போட்டுத்தான் வருது. தட்டுன உப்பெல்லாம் அதுலதான் கொட்டுறாக. ரெண்டு வருசம் ஐப்பசி மழ அடிச்சு அலசட்டும். அப்பறம் போடலாம்.”

“ஆடிப்பட்டம் தப்பிப் போகுமேம்மா.”

“அப்ப எம் பாத்திய மட்டும் விட்டுருங்க. எனக்குப் புழுக்க போதும்.”

“உனக்கு ஒரு சட்டம், மத்தவங்களுக்கு ஒரு சட்டமா?”

“மண்ணுக்கு எங்க டீச்சர் சட்டம் தெரியும்?”

அவள் சொன்னது முழுவதையும் அன்றைய பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதன் கீழே, ‘விதி எல்லோருக்கும் ஒன்று’ என்று எழுதிக் கோடு போட்டிருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

மறுநாள் காலையில் நின்ற கீரை முழுவதையும் பிடுங்கிக் கட்டினாள். பிறகு குவியலிலிருந்து சுமந்தாள். ஏழு கூடை கொட்டியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். மீதி மூன்றையும் நான் சுமந்துவந்து கொட்டினேன்.

விதைத்த ஐந்தாம் நாள் எட்டுப் பாத்தியிலும் வரப்போரம் வெள்ளை பூத்தது. முறையை மாற்றி முப்பது வாளி விட்டோம். காய்ந்ததும் இன்னும் வெளுத்தது. முளைத்தவை நூல்போல எழுந்து நுனியிலிருந்து கருகின.

“இனி வெஞ்சனத்துக்கு உப்பு வாங்க வேண்டாம்,” என்றார் பூட்டுக்காரர். யாரும் சிரிக்கவில்லை. அவள் ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள்.

மற்ற வீடுகளில் காய் இல்லாமல் சாப்பிட்டார்கள். அவள் ஆவணியில் தோல்ஷாப்புக்கு வேலைக்குப் போனாள். பெண்களுக்குக் கிடைத்த வேலை, வந்து இறங்கும் தோல்களிலிருந்து உப்பைத் தட்டிக் கூட்டுவது. மூத்த பெண் என் வகுப்பில்தான் படித்தாள். அப்பனுக்குக் கஞ்சி கொடுக்கவும் தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டுமென்று நின்றுவிட்டாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயரின்மேல் சிவப்பு மையால் கோடு போட்டவளும் நான்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை நானே கூடையோடு ஆட்டு மந்தைக்குப் பின்னால் போனேன். ஐந்தாம் பாத்தியில் கொட்டிக் கிளறினேன். ஒன்றும் வரவில்லை. அந்த வருடம் ஐப்பசியும் பொய்த்தது.

வேலை முடிந்து ஒரு மாலை அவள் கிணற்றடிக்கு வந்தாள். விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. வாளியைப் பிடிக்க முடியாமல் நின்றாள். நான் இறைத்து அவள் கையில் ஊற்றினேன்.

“மெல்ல ஊத்துங்க டீச்சர். எரியுது.”

வாளியைத் தாழ்த்திப் பிடித்தேன். அதற்குள் கிணற்றுத் தண்ணீரிலும் உப்பு இறங்கியிருந்தது.